நாதஸ்வர சாம்பிள்: தொடக்கத்தில் ‘டிக்’, அரை செகண்டில் மங்கல், மேல் பஞ்சமத்தில் சத்தமே இல்லை. ஃபில்டரா, என்வலப்பா?

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். பாரி (நீளமான, தாழ்சுருதி) நாதஸ்வரத்தில் ஒரே ஒரு ஷட்ஜம், 2 கட்டை (டி சுருதி). முதுநகரில் ஒரு வீட்டுக் கூடத்தில் பதிவு செய்தது, மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 4 செகண்ட் நீளம். வெயிலில் ஃபேனை நிறுத்த முடியவில்லை, அந்த இரைச்சலும் லேசாக இருக்கிறது.

சாம்ப்ளரில் (பதிவு செய்த ஒலியைக் கீபோர்டில் வாசிக்க உதவும் கருவி) இப்போது உள்ளது: லோ பாஸ் ஃபில்டர் (மேல் அதிர்வுகளை வெட்டுவது) 24 டிபி, கட்ஆஃப் (வெட்டு தொடங்கும் இடம்) 600 ஹெர்ட்ஸ், ரெசனன்ஸ் 45%, கீ டிராக்கிங் (சுரத்தோடு கட்ஆஃபும் நகர்வது) இல்லை. ஃபில்டர் என்வலப் (கட்ஆஃப் நேரத்தோடு ஏறி இறங்கும் விதம்) அளவு +3 ஆக்டேவ், அட்டாக் (ஏறும் நேரம்) 0, டீகே (இறங்கும் நேரம்) 400 மில்லி செகண்ட், சஸ்டெயின் (இறங்கியபின் நிற்கும் அளவு) 0. ஆம்ப் (சத்த அளவு) என்வலப்பில் அட்டாக் 0, சஸ்டெயின் 100%, ரிலீஸ் (கீயை விட்டபின் அடங்கும் நேரம்) 10 மில்லி செகண்ட்.

கீயை அழுத்தியதும் ‘டிக்’. பளிச்சென்று தொடங்கி உடனே போர்வைக்குள் போன மாதிரி ஆகிறது. மேல் பஞ்சமம் ஏறக்குறைய கேட்கவே இல்லை. லூப் (கீயை அழுத்தியிருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) சுற்றும்போது ‘தட் தட்’. எங்கிருந்து தொடங்குவது?

ஊசுடு (புதுச்சேரி):
முதலில் மங்கல், அதுதான் மூலம். இது சிந்தசைசர் பேஸ் ஒலிக்கான அமைப்பு. 600-லிருந்து 3 ஆக்டேவ் மேலே போனால் 4800 ஹெர்ட்ஸ். பளிச்சென்ற தொடக்கம் அதனால்தான். சஸ்டெயின் 0 என்பதால் 400 மில்லி செகண்டில் மறுபடி 600-க்கே இறங்கிவிடுகிறது. 2 கட்டை ஷட்ஜம் சுமார் 294 ஹெர்ட்ஸ். அதன் மேல்சுரங்கள் (அதோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வுகள்) 587, 881, 1175 என்று போகும். 600-க்குள் அடங்குவது 294, 587 இரண்டும்தான். நாதஸ்வரத்தின் முகமே அதற்கு மேலே உள்ள மேல்சுரங்களில் இருக்கிறது.

ரெசனன்ஸும் சேர்ந்து கெடுக்கிறது. 45% வைத்தால் 600-ஐ ஒட்டிய பகுதி மேடாகும். உங்கள் 587 சரியாக அங்கே உட்காருகிறது. மூக்கடைத்த தொனி அதனால் வருவது. மேல் பஞ்சமத்தில் அடிப்படைச் சுரமே 880. அது கட்ஆஃபைத் தாண்டிவிட்டதால் பத்து டிபிக்கு மேல் வெட்டு விழுகிறது.

இப்படி மாற்றிப் பாருங்கள். ஃபில்டர் 12 டிபி, கட்ஆஃப் 2400, ரெசனன்ஸ் 10%க்குள். என்வலப் அளவு +1 ஆக்டேவ், அட்டாக் 20, டீகே 250 மில்லி செகண்ட், சஸ்டெயின் 60%. நிற்கும் இடம் சுமார் 3600 ஹெர்ட்ஸ். கீ டிராக்கிங் 100%: மேல் ஷட்ஜத்தில் கட்ஆஃப் தானாக இரட்டிப்பாகும், எல்லாச் சுரத்திலும் ஒரே அளவு மேல்சுரங்கள் தப்பும். பல சாம்ப்ளர்களில் டிராக்கிங்கின் மையம் சாம்பிளின் ரூட் கீயாக (பதிவு செய்த சுரத்தின் கீ) இருக்காது, ஏதோ ஒரு சி-யாக இருக்கும். அதனால் டியில் நீங்கள் வைத்த எண் கொஞ்சம் நகர்ந்திருக்கும், காதால் சரிபாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: பதிவுக்குள்ளேயே வித்வானின் மூச்சு போட்ட என்வலப் இருக்கிறது. சாம்ப்ளர் என்வலப் அதன்மேல் பெருக்கலாக விழும். அதனால் ஆம்ப் அட்டாக்கை 40, 50 என்று ஏற்றினால் ‘டிக்’ போகும், கூடவே துத்துகாரமும் (நாக்கால் தட்டி ஊதும் தொடக்கம்) போய்விடும். 3 மில்லி செகண்ட் போதும். உங்கள் ஷட்ஜத்தின் ஒரு சுழற்சி அவ்வளவுதான். அதற்கு முன் சாம்பிள் தொடக்கத்தை, நாக்கு படும் இடத்துக்குச் சற்று முன்னால், அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியில் வையுங்கள்.

ஃபேன் இரைச்சலுக்கு 150 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் ஃபில்டர் (கீழ் அதிர்வுகளை வெட்டுவது). இதைச் சாம்ப்ளருக்குள் போடாமல் ஃபைலிலேயே போட வேண்டும். சாம்பிளை ஒரு ஆக்டேவ் மேலே வாசித்தால் 100 ஹெர்ட்ஸ் உறுமலும் 200 ஆகிவிடும், அசையாத ஹை பாஸ் அதைப் பிடிக்காது.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):
லூப் பற்றி நான் சொல்கிறேன். கமகமோ அசைவோ இல்லாத இடமாகப் பாருங்கள், 1.8-லிருந்து 3.2 செகண்ட் வரை மாதிரி. இரண்டு முனையிலும் அலையின் வடிவமும் போகும் திசையும் ஒத்திருக்க வேண்டும். பூஜ்யத்தில் வெட்டினால் மட்டும் போதாது. கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க மற்றது எழும்படி இரண்டு ஒலிகளைக் கலப்பது) 80 மில்லி செகண்ட். பெரும்பாலும் லூப் தொடக்கத்துக்கு முந்தைய ஒலியைத்தான் அது எடுத்துக் கலக்கும், எனவே அங்கே அவ்வளவு நீளமாவது சுத்தமான ஒலி வேண்டும்.

கலக்கும் இடத்தில் சத்தம் உப்பினால் கிராஸ்ஃபேட் வகையை ஈக்வல் பவரிலிருந்து லீனியருக்கு மாற்றுங்கள். குழிந்தால் லூப் முனையைச் சில சாம்பிள் நகர்த்துங்கள், இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். லூப்பைச் சின்னதாக்க வேண்டாம். 1.4 செகண்ட் லூப் ஒரு ஆக்டேவ் மேலே 0.7 ஆகும், அதைவிடக் குறைந்தால் சுற்று காதில் தட்டும்.

கெடிலக்கரை:
நன்றி அண்ணா. ‘டிக்’ இல்லை, மங்கல் போய்விட்டது, மேல் பஞ்சமம் நன்றாகக் கேட்கிறது. ஆனால் அந்தச் சுரம் பொம்மை நாதஸ்வரம் மாதிரி ஒல்லியாக இருக்கிறது. கட்ஆஃபைக் குறைத்தால் சரியாகுமா? கீயை விட்டதும் இன்னும் லேசாக ‘டப்’ வருகிறது.

ஊசுடு:
குறைத்தால் ஒல்லியான ஒலி மங்கலான ஒல்லியாகும், அவ்வளவுதான். ஒரு சாம்பிளை ஒன்றரை ஆக்டேவ் இழுக்கும்போது குழலின் அளவே சுருங்கின மாதிரி ஒலி மாறும். ஃபில்டருக்கு அது எட்டாது. மூன்று ஸ்வரஸ்தானத்துக்கு ஒன்றாக எடுங்கள், இரண்டு ஆக்டேவுக்கு எட்டு ஃபைல். ஒவ்வொன்றும் மேலே ஒன்று, கீழே ஒன்றுதான் நகர வேண்டும். ஒரே அமர்வில் எடுத்தால் நல்லது, சீவாளி (ஊதும் நாணல்) நனைய நனைய தொனி மாறும். மைக்கை அணசுக்கு (குழலின் அகன்ற முனை) நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் மூன்று, நான்கு அடி தள்ளி வையுங்கள்.

‘டப்’ வருவது 10 மில்லி செகண்ட் ரிலீஸால். 100-லிருந்து 120 வரை ஏற்றுங்கள். ஃபில்டர் ரிலீஸ் அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கட்டும்; ஆம்ப் முடிந்த பிறகு ஃபில்டர் மூடி யாருக்கும் கேட்கப்போவதில்லை. ரிலீஸை மாற்றியும் வித்தியாசமே தெரியாவிட்டால் சாம்ப்ளர் ஒன் ஷாட்டில் இருக்கிறதா பாருங்கள், அதில் கீயை விடுவது கணக்கில் வராது.

முத்தியால்பேட்டை:
கூடவே வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள்) எண்ணிக்கையை 1 ஆக்கி லெகாட்டோவை இயக்குங்கள். சேர்த்து வாசிக்கும் சுரங்களில் என்வலப் மறுபடி தொடங்காது, விட்டு வாசித்தால் மட்டும் துத்துகாரம் வரும். எட்டு ஃபைல் வந்தபின், சேர்த்து வாசிக்கும்போது அடுத்த ஃபைலுக்குத் தாவும் இடத்தில் சாம்பிள் தொடக்கத்தை 150 மில்லி செகண்ட் தள்ளி, 20 மில்லி செகண்ட் கிராஸ்ஃபேட் கொடுங்கள்.