கையெழுத்தை முதலில் போட்டுவிடுங்கள் சார்

ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியர்:

எம்.ஏ.வில் என்ன சொல்லித் தருவது, பிஎச்.டி.க்கு யாரை எடுப்பது, ஆய்வேடு தேறுமா தேறாதா எல்லாவற்றையும் ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள் என்பது ஏட்டில் இருப்பது. அந்தக் குழுக்களில் உட்கார்ந்தவர்களும் அவற்றின் முன்னால் போய் நின்றவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நடந்ததை எழுதுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். நானே தொடங்குகிறேன்.

ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பாடத்திட்டக் குழு உறுப்பினராக மூன்று வருடம் இருந்தேன். போர்டு என்றால்தான் எல்லோருக்கும் புரியும். முதல் கூட்டத்துக்குப் போனதும் கையில் ஒரு ஃபைல், ஒரு பேனா, பயணப்படி படிவம் கொடுத்தார்கள். கூடவே தீர்மானத்தின் கடைசிப் பக்கம். அதில் ‘உறுப்பினர்கள்’ என்பதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள், பெயருக்கு எதிரே காலி இடம். “கையெழுத்தை முதலில் போட்டுவிடுங்கள் சார். சாப்பாட்டுக்கு அப்புறம் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிடுவீங்க” என்றார் பிரிவு எழுத்தர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை போர்டு பார்த்தவர்!

அன்றைக்குப் பெரிய சண்டை எக்கனாமெட்ரிக்ஸ் தாளைப் பற்றி. பொருளியல் தரவுகளைப் புள்ளியியல் வைத்து ஆராயும் பாடம் அது. மூன்றாம் செமஸ்டரில் கோர், அதாவது கட்டாயத் தாளாக இருந்ததை எலெக்டிவாக, விருப்பத் தாளாக மாற்ற வேண்டும் என்று ஒரு கோரிக்கை. எனக்குக் கோபம். இந்தக் காலத்தில் ரிக்ரஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று கணிக்கும் முறை) தெரியாமல் ஒருவர் பொருளியல் முதுகலை முடிக்கலாமா என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். ஒரு சிறு ஊர்ப் பெண்கள் கல்லூரியின் துறைத்தலைவர் அம்மா நான் முடிக்கும் வரை காத்திருந்தார். “சார், எங்க டிபார்ட்மென்ட்ல மூணு பேர். ரெண்டு பேர் கௌரவ விரிவுரையாளர். அந்தத் தாளை நடத்த ஆள் இல்லாம போன வருஷம் கைடு புக்கை வச்சு மனப்பாடம் பண்ண வச்சோம். பொண்ணுங்க நல்ல மார்க்தான் எடுத்தாங்க. ஆனா ஒருத்திக்கும் ஒண்ணும் தெரியாது” என்றார். என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் எளிய ரிக்ரஷன் வரை கோர், அதற்கு மேலே எலெக்டிவ் என்று பிரித்தோம். கணக்குகளை எக்செல்லிலேயே போடலாம் என்றும் சேர்த்தோம். அதற்கே மதியம் இரண்டு மணி. மீதித் தாள்கள் எல்லாம் இருபது நிமிடத்தில் ‘ஏற்கப்பட்டது’. அப்புறம் அது நிலைக்குழு, கல்விக் குழு என்று மேலே மேலே போனது. எங்கேயும் ஒரு வரி கூட யாரும் தொடவில்லை. நல்லதா கெட்டதா தெரியவில்லை. அந்த அம்மா அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் என் பிடிவாதம்தான் அத்தனை கல்லூரிக்கும் பாடத்திட்டமாகப் போயிருக்கும்.

—

பிஎச்.டி. ஆய்வாளர் (முழுநேரம்):

வணக்கம் சார். நான் குழுவின் முன்னால் நின்றவள்.

என் கைடு (ஆய்வு வழிகாட்டி) ஓய்வு பெறும்போது எனக்கு நாலாவது வருடம். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக மாணவர்களை எடுக்கக் கூடாது என்று யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதியில் இருக்கிறது. நான் அதற்கு முன்னால் சேர்ந்தவள். வேறு கைடு தேடினால் எல்லாருக்கும் இடம் நிரம்பியிருந்தது. பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4, அதற்கு மேல் முடியாது. ஒருவரிடம் ஓர் இடம் இருந்தது. அவர் “உன் தலைப்பு என் ஏரியா இல்லையேம்மா” என்றார். உண்மைதான்.

பழைய டி.சி.யில் (என் ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டரல் கமிட்டி) இருந்த வெளி நிபுணரின் கையெழுத்து வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். ஃபைல் மழையில் நனையாமல் இருக்க ஜவுளிக்கடைப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் வீட்டுத் திண்ணையிலேயே கையெழுத்துப் போட்டார். மினிட்ஸில் அது ‘கூட்டம் நடைபெற்றது’ என்று பதிவானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் அந்தக் குழு முன்னால் வந்து முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் சொன்னது பெரும்பாலும் பஸ் கண்டக்டரிடம்தான்.

ஆனால் துறை ஆராய்ச்சிக் குழுவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். என் விஷயம் அஜெண்டாவில் கடைசி. “பதிவை ரத்து செய்து புதிதாகச் சேரச் சொல்லலாம்” என்று ஒருவர் ஆரம்பித்தார். ஒரு பேராசிரியை மேடம் குறுக்கிட்டு, “இந்தப் பொண்ணு நாலு வருஷமா எழுதினதை இங்க யாராவது படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். சத்தமில்லை. என்னிடம் இரண்டு அத்தியாயங்கள் அச்சில் இருந்தன. வாங்கி ஆளுக்குச் சில பக்கம் பிரித்துக் கொடுத்து, “பத்து நிமிஷம் படிங்க, அப்புறம் பேசலாம்” என்றார். ஐந்து பெரியவர்கள் தலையைக் குனிந்து என் எழுத்தைப் படிக்கிறார்கள், ஃபேன் சுற்றுகிறது, எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஒருவர் பென்சிலால் ஓர் அட்டவணையைச் சுழித்து, “இந்தக் கூட்டல் தப்பு” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். முதன்முதலாக என் ஆய்வை ஒரு குழு படித்தது. ஏரியா இல்லை என்றவரே அன்றைக்கு என்னை எடுத்துக்கொண்டார்.

—

பகுதிநேர ஆய்வாளர்:

என் டி.சி. மீட்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தது. மூன்று கட்டைவிரல் ஈமோஜி. ‘முன்னேற்றம் திருப்திகரம்.’

—

தன்னாட்சிக் கல்லூரி வணிகவியல் துறைத்தலைவர்:

தன்னாட்சி என்பதால் பாடத்திட்டத்தை நாங்களே போடுகிறோம். எங்கள் போர்டு வேறு மாதிரி. துறை ஆசிரியர்கள் எல்லாரும் உண்டு. வெளியிலிருந்து இரண்டு பாட நிபுணர்கள், துணைவேந்தரின் நியமனம் ஒருவர், தொழில்துறைக்காரர் ஒருவர், பழைய மாணவர் ஒருவர். துணைவேந்தர் நியமனத்துக்கு ஆறு பேர் பட்டியலை அனுப்புவது நம் முதல்வர்தான். ஆகவே வருகிறவர் பெரும்பாலும் நமக்கு வேண்டியவர். அதிகம் பேச மாட்டார்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, மத்தியக் கலால் வரி பெரும்பாலும் அதற்குள் போய்விட்டது. 2019 வரை எங்கள் எம்.காம். மறைமுக வரித் தாளில் மத்தியக் கலால் வரி இரண்டு யூனிட் நடந்துகொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் பாடத்திட்டத்தை மாற்றுவது என்று எங்களிடம் ஒரு வழக்கம், யாரும் அதை மீறி யோசிக்கவில்லை. நானும்தான். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் பழைய மாணவி அந்த வருட போர்டுக்கு வந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “சார், இதைப் படிச்சுட்டு எங்க போய் வேலை கேக்கறது?” அந்த வருடமே மாற்றினோம். ரிட்டர்ன் தாக்கல் செய்து பழக ஒரு செய்முறையும் சேர்த்தோம்.

இன்னொன்று. ஒரு யூனிட்டுக்காக நாங்கள் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறோம். முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் நடுவில் இருந்த எம்.ஃபில். என்ற படிப்பே போனது, எங்கள் போர்டு அதை ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையில் ஒரு வரி. 2022 நவம்பரில் யு.ஜி.சி. விதி. எங்களுக்கு முதல்வர் அறையிலிருந்து சுற்றறிக்கை. எம்.ஃபில். வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. பல இடத்தில் அது ஆறு மாதத்தில் அவசரமாகத் தட்டச்சு செய்த ஆய்வேடாக ஆகிவிட்டிருந்தது. ஆனால் நிறுத்துவதா திருத்துவதா என்று எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிஎச்.டி. ஆய்வாளருக்கு ஒரு கேள்வி: கைடு மாறியபோது தலைப்பையும் மாற்றச் சொன்னார்களா? என் துறையில் ஒரு பையனுக்கு இதே சிக்கல்.

—

பிஎச்.டி. ஆய்வாளர் (முழுநேரம்):

மாற்றவில்லை சார். பழைய கைடு இணை வழிகாட்டியாக இருக்கிறார். அவர் 70 வயது வரை அப்படித் தொடரலாம் என்று 2022 விதியிலேயே இருக்கிறது, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து விண்ணப்பத்தோடு வைத்தேன். உங்கள் பையனையும் வைக்கச் சொல்லுங்கள். ஆபீஸில் வாய்ப்பேச்சாகச் சொன்னால் எடுபடாது. கைடு சாருக்கு இப்போது 62. அந்தக் கூட்டல் தப்பைத் திருத்திவிட்டேன், சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) அடுத்த மாதம்.