"தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" (எபிரெயர் 4:16): அந்தத் தைரியத்தை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

தூத்துக்குடியில் எங்கள் தெரு வீட்டு ஜெபக் கூட்டம். செப்டம்பர் கடைசி, ஜெபக்குறிப்பெல்லாம் மழைக்குத்தான். எல்லாரும் உருக்கமாகக் கேட்டு முடித்ததும், உப்பளத்தில் வேலை பார்க்கும் பெரியம்மா ஒருவர் ஆரம்பித்தார். "அப்பா, உப்பு இன்னும் பாத்தியிலதான் கெடக்கு. வாரி முடிக்கிற வரைக்கும் மழையை நிறுத்தி வையும். மழை விழுந்தா எங்களுக்குக் கூலி இல்லைன்னு உமக்குத் தெரியாதா?" பக்கத்திலிருந்த அக்கா சட்டென்று கண்ணைத் திறந்தார். (நானும் திறந்துதான் வைத்திருந்தேன்.)

அப்புறம் காப்பி குடிக்கும்போது ஒருவர், "எல்லாரும் மழை கேக்கும்போது இப்படிக் கேக்கலாமா பெரியம்மா?" என்றார்.

"என் பாட்டை நான் சொல்லணும்லா. முடிவு பண்ணுறது அவரு."

அந்த வாரமே மழை கொட்டியது. மறு வாரமும் வந்தார். ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நேராக முறையீட்டில் இறங்கிவிட்டார்.

எபிரெயர் 4:16ஐ மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். தைரியத்துக்குக் காரணம் முந்தின வசனத்தில் இருக்கிறது: நம் பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கிற பிரதான ஆசாரியர், இயேசு. லேவியராகமம் 16இன்படி மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரைக்குள்ளே போகிறவர் பிரதான ஆசாரியர் மட்டும். அதுவும் வருஷத்துக்கு ஒரு நாள், பலியின் இரத்தத்தோடு. இயேசு மரித்தபோது அந்தத் திரை கிழிந்ததால்தான் உப்பு வாரிய கையோடு ஒருவர் உள்ளே போய்க் கூலிக் கணக்குப் பேச முடிகிறது. கேட்டது கிடைத்தே தீரும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

*

எனக்கு நேரெதிர் அனுபவம், பிரதர். அப்பா ஐசியூவில் இருந்தபோது ஒரு ஊழியர் போனில், "விசுவாசத்தோடு உரக்க அறிக்கையிடுங்க தம்பி" என்றார். வராண்டாவில் உட்கார்ந்து "ஆண்டவரே" என்பதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அப்பா பிழைக்கவில்லை. குரல் எழும்பாததுதான் காரணமோ என்று ரொம்ப நாள் உறுத்தியது. பிள்ளை கேட்டு ஜெபித்த அன்னாளுக்கும் உதடு மட்டும்தான் அசைந்தது (1 சாமுவேல் 1). ஆசாரியனான ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார், கர்த்தர் கேட்டார். ரோமர் 8:26 சொல்கிற "வாக்குக்கடங்காத பெருமூச்சு" எனக்கு அந்த வராண்டாதான். சத்தத்தை வைத்துத் தைரியத்தை அளக்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் ஜெபக்குறிப்பு கொடுப்பதில்லை.

*

அதெல்லாம் சரி, மழையில் வேலை போன பெரியம்மாவுக்கு ஜெபக் குழு ஏதாவது செய்ததா?

*

செய்தோம். அரிசியும் பருப்பும் கொண்டுபோனோம். பையைத் திறந்து பார்த்துவிட்டு, "அரிசி சரி, எண்ணெய் எங்கய்யா?" என்றார்.