10 வோல்ட் கெப்பாசிட்டர் இடத்துல 25 வோல்ட் போட்டா மானிட்டர் செத்துடுமா? பழையரேடியோ அண்ணன் பதில் சொல்லட்டும்

மின்னல்குமார் (மாலை 5:40)
நேத்து ஒருத்தர் மானிட்டர் ஆன் ஆகலன்னு கேட்டிருந்தார். ஸ்டாண்ட்பை லைட் விட்டு விட்டு எரியுது, பவர் போர்டுல ரெண்டு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வச்சு விடுற பாகம், பழைய ஆளுங்க கண்டென்சர்னு சொல்வாங்க) தலை உப்பியிருக்கு, ரெண்டும் 1000 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், சேர்த்து வைக்குற அளவு) 10 வோல்ட். 25 வோல்ட் கிடைச்சா அதையே போட்டுக்கோங்கன்னு நான் சொன்னேன். பழையரேடியோ அண்ணன் வந்து, "10 இருக்குற இடத்துல 25 போட்டா ஆறு மாசம் தாங்காது. யோசனை சொல்றவங்க முதல்ல சால்டரிங் அயன் பிடிக்கக் கத்துக்கட்டும்"னு எழுதிட்டுப் போயிட்டார். முதல் வரிக்குக்கூட நான் சும்மா இருந்திருப்பேன். ரெண்டாவது வரிக்குத்தான் இந்த இழை.

கெப்பாசிட்டர் மேல எழுதியிருக்குற வோல்ட் அது தாங்குற உச்சம். அது கொடுக்குற வோல்ட் இல்ல. கெப்பாசிட்டர் என்ன பேட்டரியா?

பழையரேடியோ (மாலை 5:58)
தம்பி, வால்வு ரேடியோவுல ஆரம்பிச்சு இன்னைக்கு எல்இடி டிவி வரைக்கும் 38 வருஷம். இதே மேசை, இதே ஸ்டூல். கம்பெனிக்காரன் 10-ன்னு போட்டிருந்தா காரணம் இல்லாமலா போட்டிருப்பான்? 10-னா 10 தான்.

மின்னல்குமார் (மாலை 6:03)
காரணம் விலை. 10 வோல்ட் சின்னது, மலிவு. லட்சம் போர்டு போடுறவனுக்கு ஒரு ரூபா மிச்சம்னா லட்ச ரூபா. இதுக்கு 38 வருஷம் வேணாம்ணே.

கடைவீதி_புதுசு (மாலை 6:07)
சார், நேத்து மானிட்டர் பத்திக் கேட்டது நான்தான். இப்ப சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல எலக்ட்ரானிக்ஸ் கடையில நிக்கிறேன். 10 வோல்ட் இல்லையாம். 16 இருக்கு, 25 இருக்கு. எது வாங்கட்டும்?

பழையரேடியோ (மாலை 6:11)
அலுமினியத் தகடு மேல ஆக்சைடு படலம்னு ஒண்ணு இருக்கு. அதுதான் கெப்பாசிட்டரோட உயிர். 25-க்குன்னு வளர்த்த படலத்தை 5 வோல்ட்ல ஓட்டினா அது நாளாவட்டத்துல மெலியும். வால்வு ரேடியோவை வருஷக்கணக்கா பரண்ல போட்டு வச்சு எடுத்தவனுக்குத் தெரியும், படலம் தேய்ஞ்ச கண்டென்சர் என்ன பண்ணும்னு. படிச்சவங்களுக்குத் தெரியாது.

மின்னல்குமார் (மாலை 6:15)
மாட்டினீங்க. "5 வோல்ட்ல ஓட்டினா"ன்னு நீங்களே எழுதிட்டீங்க. அந்த லைன் 5 வோல்ட் லைன். கம்பெனிக்காரன் ஏன் 5 வோல்ட் கெப்பாசிட்டர் போடாம 10 போட்டான்? உங்க கணக்குப்படி அவனே தப்பு பண்ணியிருக்கானே! அப்புறம் பரண்ல கிடந்த ரேடியோவுக்கு வருஷக்கணக்கா கரண்டே இல்ல. தினம் ஓடுற மானிட்டரும் அதுவும் ஒண்ணா?

பழையரேடியோ (மாலை 6:16)
அது அவன் கணக்கு. நீ கம்பெனிக்காரனா? 10-னா 10 தான்.

ஆலமரத்தடி (மாலை 6:24)
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. வோல்ட்டை விடுங்க, இஎஸ்ஆர், அதாவது கெப்பாசிட்டரோட உள்தடை, அதைப் பத்தி யாருமே பேசலையே. உள்ளே இருக்குற எலக்ட்ரோலைட் திரவம் காய்ஞ்சா அந்தத் தடை ஏறும். மீட்டர்ல வச்சுப் பார்த்தா எம்எஃப்டி ஓரளவு சரியாவே காட்டும், ஆனா போர்டு எழாது. ஹேர் டிரையரால சூடு காட்டினா உடனே ஆன் ஆகும், ஆறினா மறுபடி படுத்துக்கும். அதனால பவர் போர்டோட அவுட்புட் பக்கத்துல (எஸ்எம்பிஎஸ் செகண்டரி) லோ இஎஸ்ஆர் வகை, 105 டிகிரி சூடு தாங்கும்னு போட்டது போடணும். 85 டிகிரி சாதா வகையைப் போட்டா 10 வோல்ட்டா இருந்தாலும் போயிடும், 25-ஆ இருந்தாலும் போயிடும். சூடு 10 டிகிரி குறைஞ்சா ஆயுசு ஏறக்குறைய இரட்டிப்பு. 105 டிகிரியில 2000 மணி நேரம்னு போட்டது 65 டிகிரியில 32,000 மணி நேரம் வரும். உப்பினதுக்கு உண்மையான காரணம் பக்கத்துல இருக்குற ஹீட் சிங்க், சூட்டை வெளியேத்துற அந்த உலோகத் தகடு.

மின்னல்குமார் (மாலை 6:26)
அதெல்லாம் சரிண்ணே, இப்ப கேள்வி 25 போடலாமா கூடாதா.

பழையரேடியோ (மாலை 6:27)
கூடாது.

கொக்குவில்_தம்பி (மாலை 6:35)
அண்ணைமார், உங்கட வீட்டு முகட்டைப் பாருங்கோ. மின்விசிறியில 2.5 எம்எஃப்டி 440 வோல்ட் எண்டு ஒண்டு தொங்கும். வாற கரண்ட் 230. முப்பது வருசமாச் சுத்துது. அதுக்கு என்ன சொல்லுறியள்?

பழையரேடியோ (மாலை 6:41)
ஃபேன் ஏசி. அது பிளாஸ்டிக் ஃபிலிம், இது எலக்ட்ரோலைட். ஃபேன் ஓடும்போது கண்டென்சர் முனையில 230-க்கு மேலேயே வரும், அதனாலதான் 440. வச்சுப் பார்த்திருக்கியா மீட்டர்ல? பார்க்காம வந்து பேசக் கூடாது.

கொக்குவில்_தம்பி (மாலை 6:44)
அது சரி எண்டு ஒத்துக்கொள்ளுறன். ஆனா கூட வோல்ட் போட்டா பழுதாப் போகும் எண்டதுக்கு இது விடை இல்லை. அதோட, கண்டென்சர் எண்டு இன்னும் ஏன் எழுதுறியள்? எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில கொள்ளளவி எண்டு நல்ல தமிழ்ச் சொல் இருக்கு.

தமிழ்_மின்னியல் (மாலை 6:46)
மின்தேக்கி என்பதே சரியான சொல். தமிழ்நாட்டுப் பாடநூலில் அப்படித்தான் உள்ளது. கொள்ளளவி என்றால் அளக்கும் கருவி போல ஒலிக்கிறது.

கொக்குவில்_தம்பி (மாலை 6:49)
தேக்கி எண்டா எனக்குத் தண்ணித் தொட்டி மாதிரிக் கேக்குது. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு காது.

பழையரேடியோ (மாலை 6:50)
கடையில போய் மின்தேக்கி கொடுன்னு கேட்டுப் பாருங்க, ஜோசியர் கடை அடுத்த தெருன்னு அனுப்புவான். கண்டென்சர்!

கடைவீதி_புதுசு (மாலை 6:52)
சார், கடைக்காரர் கேக்குறார். 16-ஆ 25-ஆ?

மின்னல்குமார் (மாலை 6:55)
25 எடுங்க தம்பி. தடிமன் மட்டும் பாருங்க, 8 மில்லிமீட்டர் இருந்த இடத்துல 10 மில்லிமீட்டர் உட்காருமான்னு. வெள்ளைக் கோடு இருக்குற பக்கம் மைனஸ். மாத்திப் போட்டுடாதீங்க.

அப்புறம் அண்ணே, ரேட்டிங் ரேட்டிங்னு நிக்கிறீங்களே, 2000-க்கு அப்புறம் சில வருஷம் கம்ப்யூட்டர் மதர்போர்டெல்லாம் வரிசையா உப்பிச் செத்துச்சே, ஞாபகம் இருக்கா? டெல் கம்பெனியே 2005-ல 30 கோடி டாலர் தனியா ஒதுக்க வேண்டி வந்துச்சு. அதுல எல்லாம் கம்பெனி போட்ட அதே வோல்ட், அதே எம்எஃப்டி. எலக்ட்ரோலைட் கலவை சரியில்ல, உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து தலையைத் தள்ளிடுச்சு. "10-னா 10 தான்"னு ஜபிச்சா வாயு நிக்குமா?

பழையரேடியோ (மாலை 7:04)
அது மட்டமான சரக்கு. மட்டமான சரக்கைப் பத்தி இங்க யார் பேசினது? நான் வோல்ட்டைப் பேசுறேன். பேச்சை மாத்துறது உன் பழக்கம். போன ஆடியில ஸ்டெபிலைசர் இழையிலயும் இதைத்தான் செஞ்ச. ரிலே போயிருக்குன்னு நான் சொன்னேன், டிரான்ஸ்ஃபார்மர்னு நீ அடம் பிடிச்ச. கடைசியில என்ன ஆச்சு?

மின்னல்குமார் (மாலை 7:06)
கடைசியில அவர் புது ஸ்டெபிலைசர் வாங்கிட்டார். நீங்க சொன்னதும் நான் சொன்னதும் யாரும் பிரிச்சுப் பார்க்கல.

பழையரேடியோ (மாலை 7:07)
பிரிச்சிருந்தா ரிலேதான்.

சேலத்து_வாடிக்கையாளர் (மாலை 7:15)
மெக்கானிக் அண்ணன்களுக்கு ஒரு கேள்வி. பத்து ரூபா கண்டென்சர் ரெண்டு மாத்த என்கிட்ட 1,800 வாங்கினாங்க. போர்டே போச்சுன்னு வேற சொன்னாங்க. பழைய கண்டென்சரைக் கேட்டா குப்பையில போட்டாச்சுன்னு பதில். இதுக்கு எந்த வோல்ட் பதில் சொல்லும்?

பழையரேடியோ (மாலை 7:19)
பத்து ரூபா பொருளுக்கு. மீதி எதை மாத்தணும்னு தெரிஞ்சதுக்கு. நீங்களே மாத்திக்கலாமே? பெரிய கண்டென்சர்ல கரண்டைப் பிடுங்கிப் போட்ட பிறகும் 320 வோல்ட் நிக்கும். தொட்டுப் பாருங்க, 1,800 ஏன்னு தெரியும்.

ஆலமரத்தடி (மாலை 7:22)
இதைப் படிச்சிட்டு யாராவது ஸ்க்ரூடிரைவரை வச்சு ஷார்ட் பண்ணி டிஸ்சார்ஜ் பண்ணப் போறீங்க. வேணாம். முனையும் தீயும், பொறியும் கண்ணுல தெறிக்கும். குண்டு பல்ப் ஹோல்டருக்கு ரெண்டு வயர் இழுத்து அதை வச்சு இறக்குங்க. அப்புறம் மீட்டர் வச்சுப் பாருங்க.

பழையரேடியோ (மாலை 7:24)
38 வருஷமா ஸ்க்ரூடிரைவர்தான்.

மின்னல்குமார் (மாலை 7:25)
அதனாலதான் அது பாதி ஸ்க்ரூடிரைவரா இருக்கு. போன மாசம் போட்ட படத்துல பார்த்தோம்.

பழையரேடியோ (மாலை 7:27)
கைத்தொழில் செய்யுறவன் ஆயுதம் தேயத்தான் செய்யும். கீபோர்டு தேய்ஞ்சவனுக்கு அது புரியாது. நான் ஐடிஐ. உங்க பிஇ பட்டத்தை 5 வோல்ட் லைன்ல சொருகிப் பாரு, ஆன் ஆகுதான்னு பார்ப்போம்.

மின்னல்குமார் (மாலை 7:30)
நானும் ஐடிஐ-தான்ணே. திருச்சி. எத்தனை தடவை சொல்றது? சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். 25 போட்டு ஆறு மாசத்துல செத்த ஒரே ஒரு போர்டு, படத்தோட காட்டுங்க. நான் இந்த இழையை மூடிடுறேன்.

பழையரேடியோ (மாலை 7:33)
என் கடைக்கு வந்ததுல நூறு இருக்கும். எவனோ 25 போட்டது, மறுபடி உப்பி வந்தது. நான் 10 போட்டேன், இன்னைக்கும் ஓடுது.

ஆலமரத்தடி (மாலை 7:36)
அந்த நூறுல 85 டிகிரி எத்தனைன்னு பார்த்தீங்களா?

பழையரேடியோ (மாலை 7:37)
டிகிரி எதுக்கு? வோல்ட்டைப் பார்த்தேன்.

தமிழ்_மின்னியல் (மாலை 7:41)
விவாதம் திசை மாறுகிறது. மின்தேக்கி என்ற சொல்லுக்கு இன்னும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

கொக்குவில்_தம்பி (மாலை 7:42)
நான் சொன்னனான். வாசிக்கேல்லையோ?

கடைவீதி_புதுசு (இரவு 8:20)
சார், நீங்க பேசிட்டு இருக்கும்போது கடையைச் சாத்த ஆரம்பிச்சுட்டாங்க. அவசரத்துல 16 வோல்ட், 105 டிகிரி ரெண்டு வாங்கிட்டு வந்து மாத்திட்டேன். மானிட்டர் ஆன் ஆயிடுச்சு. எல்லாருக்கும் நன்றி.

பழையரேடியோ (இரவு 8:22)
16-ஆ? யாரைக் கேட்டுப் போட்ட?

மின்னல்குமார் (இரவு 8:23)
10 இல்லாம ஓடுது பாருங்கண்ணே!

பழையரேடியோ (இரவு 8:24)
ஆறு மாசம் கழிச்சு வாங்க, பேசிக்கலாம். 10-னா 10 தான்.