பீச்சாங்கைக்காரனுக்கு ஏற்ற விலை குறைந்த ரைபிள் எது?

காலடிப்பேட்டை பையன்:

எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டை நான். வயது 31, மணலி பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை. பிறந்ததிலிருந்து பீச்சாங்கை. எழுதுவது, கேரம் அடிப்பது, பந்து போடுவது எல்லாமே இடதுதான், சாப்பாடு மட்டும் ஆயாவிடம் அடி வாங்கி வாங்கி வலது கைக்கு மாறியது.

மாசித் திருவிழாவில் பலூன் சுடும் கடை போட்டிருந்தார்கள். சும்மா பொழுது போகட்டும் என்று துப்பாக்கியை எடுத்து இடது தோளில் வைத்துச் சுட்டேன், பத்து குண்டுக்கு எட்டு பலூன் உடைந்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னொரு பத்து குண்டு காசு வாங்காமல் கொடுத்தார், அதில் ஒன்பது. அன்றிலிருந்து மண்டைக்குள் இதே ஓட்டம்தான். ராத்திரி படுத்தால் வீடியோ. வெளிநாட்டில் இடது கைக்காரர்களுக்கென்று போல்ட்டை (தோட்டா ஏற்ற இழுக்கிற கைப்பிடி) இடது பக்கம் வைத்த வேட்டை ரைபிளே விற்கிறார்கள், அதுவும் சாதாரண ரைபிள் விலையிலேயே. இங்கே அப்படி ஏதாவது கிடைக்குமா? கையில் 40,000 ரூபாய் வரைக்கும் இருக்கிறது, அதற்கு மேல் போனால் வீட்டில் சோறு கிடைக்காது. ஒரு கடையில் விசாரித்தால் "இடது கைக்குன்னு தனியா எதுவும் வராது சார், இதையே எடுத்துட்டுப் போங்க, பழகிடும்" என்கிறார். பழகிடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ:

தம்பி, ரைபிளுக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். வேட்டை என்ற வார்த்தையை இப்போதே கழற்றி வைத்துவிடு. 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகும் உரிமம் வாங்கிச் சில வகைகளைச் சுட வழி இருந்தது, 1991 திருத்தத்தோடு அதுவும் முடிந்தது. நாலு கால் மிருகத்துக்குத்தானே சட்டம், ஏரியில் உட்காரும் கொக்கு மடையானுக்கு ஏர்கன் போதுமே என்று நம் பக்கத்தில் சில பேர் நினைக்கிறார்கள். அதற்கும் அதே சட்டம்தான், அதே ஜெயில்தான்.

எங்கள் அப்பா லோகோ ஒர்க்ஸ் ஆள். பழவேற்காட்டுக்கு வாத்து சுடப் போன கூட்டத்தில் அவரும் ஒருவர், அந்தக் காலத்துக் கதை. அவரும் உன்னை மாதிரி இடது கை. கையில் இருந்தது 12 போர் இரட்டைக் குழல். இரட்டைக் குழலில் இடமாவது வலமாவது என்று தோன்றும், ஆனால் தோளில் வைக்கிற அந்தப் பின் கட்டையை மேலிருந்து பார்த்தால் லேசாக வலது பக்கம் வளைந்திருக்கும், வலது தோளில் வைப்பவனுக்குக் கண் நேராக வருவதற்காக. இடது தோளுக்கு அது தலைகீழ். அப்பாவுக்கு எப்போதும் குறி ஒரு முழம் தள்ளியே போகும். கடைசியில் ஐஸ்ஹவுஸ் பக்கம் ஒரு ஆசாரியைப் பிடித்து, கட்டையைக் கொதிக்கிற எண்ணெயில் சூடு காட்டி, மறு பக்கம் வளைத்து வாங்கினார். அதை வாங்கி வந்த அன்று வீட்டில் இனிப்பு. அப்புறம் சட்டம் வந்தது, துப்பாக்கியை ஒப்படைத்தார், அத்தோடு சரி.

லைசென்ஸ் துப்பாக்கி என்று பார்த்தால் இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைபிள்தான் நம் ஊரில் பரவலாகத் தெரிந்தது. பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ என்ஃபீல்டு வம்சம், போல்ட் வலது பக்கம்தான். லைசென்ஸுக்கு அலைகிற அலைச்சலில் நீ கிழவனாகிவிடுவாய். உனக்கு வேண்டியது ஏர் ரைபிள். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்குள் சக்தி என்றால் ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. எது நல்லது என்று என்னைக் கேட்காதே, எனக்கு அதில் அனுபவம் கிடையாது.

பத்துப் புள்ளி ஒன்பது:

ராயபுரத்திலிருந்து இன்னொரு பீச்சாங்கை. 10 மீட்டர் ஏர் ரைபிள் ஏழு வருஷமாகச் சுடுகிறேன், மாநிலப் போட்டி வரைக்கும்தான், பெரிய ஆள் எல்லாம் இல்லை. ஆனால் இடது கை விஷயத்தில் எல்லாத் தப்பையும் சொந்தக் காசில் செய்து முடித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உன் கை எது என்பதை மற. கண் எது? இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் மாதிரி ஓட்டை விட்டு, இரண்டு கண்ணும் திறந்திருக்க அந்த ஓட்டை வழியாக மொட்டை மாடியிலிருந்து தூரத்துப் புகைபோக்கி ஒன்றைப் பார். இப்போது வலது கண்ணை மூடு. புகைபோக்கி அப்படியே இருந்தால் உனக்கு இடது கண் ஆதிக்கம். காணாமல் போனால் வலது கண். பீச்சாங்கைக்காரர்களில் நிறைய பேருக்கு வலது கண்தான் ஓங்கி இருக்கும். அப்படி இருந்தால் வலது தோளிலேயே ஆரம்பிப்பது நல்லது, புதிதாகப் பழகுகிறவனுக்கு எந்தத் தோளும் ஒன்றுதான், கண்ணை மட்டும் மாற்ற முடியாது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. கற்றுக்கொடுத்தவர் வரிசையில் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பி நின்றால்தான் தனக்கு வசதி என்று என்னையும் வலது தோளில் வைக்கச் சொன்னார். எனக்கோ கண்ணும் இடது. இரண்டு வருஷம் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுட்டேன், முப்பதாவது ஷாட்டுக்கு மேல் முகமெல்லாம் துடிக்கும், தலைவலி தனி.

அடுத்தது ரைபிள். நீ வீடியோவில் பார்க்கிற சமாசாரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. போட்டியில் 60 ஷாட், ஒரு மணி நேரம் 15 நிமிஷம். ஒவ்வொரு தடவையும் ரைபிளை இறக்கி, ஒரு பெல்லட்டை (சின்ன ஈயக் குண்டு) போட்டு, மூச்சு விட்டு, மறுபடி தூக்கி வைப்போம். அவசரமே கிடையாது. அதனால் பெல்லட் போடத் திறக்கிற லீவர் எந்தப் பக்கம் இருந்தாலும் குடி முழுகாது. குடி முழுகுவது கட்டையில்தான். வலது கைக் கட்டையில் கன்னம் வைக்கும் மேடு இடது பக்கம் இருக்கும், நீ முகம் வைக்கிற வலது பக்கம் மொழுமொழு என்று இருக்கும். அதில் கன்னத்தை வைத்தால் கண் பீப் சைட் ஓட்டைக்கு (குறி பார்க்கப் பின்னால் இருக்கிற சின்னத் துளை) நேராக வராது, அதைக் கொண்டுவர கழுத்தைச் சாய்ப்பாய், சாய்த்தால் உடம்பே சாயும். கைப்பிடியில் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் குடைந்து வைத்திருப்பதும் வலது கைக்குத்தான், இடது கையில் பிடித்தால் வலது கால் செருப்பை இடது காலில் மாட்டின மாதிரி. கடைக்காரர் பழகிடும் என்றாரே, பழகத்தான் செய்யும், தப்பாகப் பழகும். பத்து என்ற புள்ளி அரை மில்லிமீட்டர், பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர். அங்கே இந்தச் சாய்வு எல்லாம் அப்படியே தெரியும்.

40,000க்கு என்ன செய்யலாம்? காற்று அடைத்துச் சுடுகிற போட்டி ரைபிள், ஃபெயின்வெர்க்பாவ், வால்தர் மாதிரி, புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்தைத் தாண்டும், அதைப் பற்றி இப்போது நினைக்காதே. அந்த வகையில் விலை கொஞ்சம் இறங்கி வருவது ஹாமர்லி ஏஆர் 20, அதன் அமைப்பு இரண்டு கைக்கும் ஒத்து வரும், அதுவும் உன் பட்ஜெட்டுக்கு மேல்தான். ஆகவே ஸ்பிரிங் கன், உள்ளே ஸ்பிரிங் தள்ளுகிற பிஸ்டன் காற்றை அழுத்திச் சுடுகிற ரகம். பிரெசிஹோல் மாதிரி நம் நாட்டுத் தயாரிப்புகள் இருக்கின்றன. குழலை மடக்கி லோடு செய்கிற ரகத்தில் இயந்திரத்துக்கு இடம் வலம் கிடையாது, நடுவில் மடங்குகிறது, அவ்வளவுதான். எனவே கடையில் பார்க்க வேண்டியது கட்டையை மட்டும். கன்ன மேடு இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, அல்லது இரண்டு பக்கமும் இல்லாமல் நேராக இருக்கிறதா? இரண்டில் எதுவானாலும் சரி. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கீழே வை. கண்ணை மூடிக்கொண்டு இடது தோளில் தூக்கி வை, கன்னத்தைச் சாய், கண்ணைத் திற. பின் சைட்டும் முன் சைட்டும் ஒரே கோட்டில் தானாக வந்து நிற்க வேண்டும். கழுத்தை அசைத்துச் சரி செய்ய வேண்டியிருந்தால் அது உன் துப்பாக்கி இல்லை.

டெலஸ்கோப் மாட்டித் தரட்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல். போட்டியில் அனுமதி இல்லை. ஓபன் சைட் (துளை இல்லாமல் சாதாரண வெட்டு வழியாகக் குறி பார்ப்பது) என்று தனிப் பிரிவு இருக்கிறது, புதியவர்கள் பாதிப் பேர் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஸ்பிரிங் கன்னுக்கு உள்ளே கனமான பிஸ்டன் ஓடுவதால் பின்னாலும் உதைக்கும் முன்னாலும் உதைக்கும், குண்டு குழலை விட்டு வெளியே போவதற்குள் இது நடந்துவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு ஷாட்டும் ஒவ்வொரு இடத்தில் விழும். குழந்தையைத் தாங்குகிற மாதிரி முன் கட்டையை வலது உள்ளங்கையில் சும்மா உட்கார வை. பெல்லட் போடாமல் மட்டும் விசையை இழுக்காதே, பிஸ்டன் மோதி ஸ்பிரிங்கும் சீலும் போய்விடும். திருவிழா பலூன் துப்பாக்கிகள் எல்லாம் லொடலொட என்று இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால், எழும்பூர் பக்கம் ரைபிள் கிளப் இருக்கிறது, தனியார் ரேஞ்சுகளும் ஊரில் முளைத்திருக்கின்றன. ஏதாவது ஒன்றில் ஒரு மாசம் அவர்கள் ரைபிளில் சுட்டுப் பார். "இடது கை ரைபிள் இருக்கா" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டு. நிறைய இடங்களில் ஒன்று கூட இருக்காது, இருந்தாலும் அலமாரியில் கடைசியில் தூசி படிந்து கிடக்கும். கிடந்தால் உனக்கு அதிர்ஷ்டம், வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

கொருக்குப்பேட்டை டு கால்கரி:

அண்ணன் சொன்னது ஏர் ரைபிளுக்கு நூற்றுக்கு நூறு. தம்பி வீடியோவில் பார்த்தது பற்றி நான் சொல்கிறேன், இங்கே கனடாவில் லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவன், நானும் பீச்சாங்கை. (நம் பக்கத்தில் இவ்வளவு பேரா, வடசென்னைத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.)

வேட்டை ரைபிளில் கதை தலைகீழ். அங்கே கட்டையை விட போல்ட் முக்கியம், ஏனென்றால் முதல் குண்டு தப்பினால் இரண்டாவதுக்கு இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். முதல் வருஷம் நண்பனின் வலது கை ரைபிளோடு போனேன். ஒரு மான், நூறு கெஜத்துக்குள், முதல் குண்டு தலைக்கு மேலே போய்விட்டது. இடது கை விசையில் இருக்கிறது, போல்ட் அந்தப் பக்கம். கையை விசையிலிருந்து எடுத்து, ஸ்கோப்புக்கு மேலே வளைத்துக் கொண்டுபோய் இழுத்தேன். இடது தோளில் வைத்தால் நம் முகம் ரைபிளுக்கு வலது பக்கம் இருக்கும், காலி தோட்டா வெளியே வருவதும் வலது பக்கம்தான். மூக்குக்கு முன்னால் சுடச்சுட ஒன்று பறந்தது, நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் மான் இல்லை. குப்புறப் படுத்து, பையின் மேல் ரைபிளை வைத்துச் சுடுகிறவனுக்கு இது தொல்லையே இல்லை, வலது கையால் போல்ட்டை இழுத்துக்கொள்ளலாம், சில பேர் அதையே வேகமான வழி என்பார்கள். நின்றபடி சுடும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

விலை குறைந்ததில் இடது கை போல்ட் என்றால் சேவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் இரண்டும் உண்டு. இரண்டிலும் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கிற பூட்டு) மேலே நடுவில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது, அதனால் அதிலும் தகராறு இல்லை. கொஞ்சம் காசு சேர்த்தால் டிக்கா டி3எக்ஸ், போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடும். ஒரே குறை, வலது கைக்கு வருகிற எல்லா கேலிபரும் (தோட்டா அளவு) இடது கைக்கு வராது. நான் ரூகர், .308 எடுத்தேன், மிச்சக் காசை ஸ்கோப்பில் போட்டேன். விசைக்குக் கீழே இருக்கிற லீவரை ஆட்டித் தோட்டா ஏற்றுகிற லீவர் ஆக்ஷன், ஒரே ஒரு தோட்டா போட்டு மடக்குகிற ரகம் இவற்றுக்கு இடம் வலம் பெரிதாகக் கிடையாது, பழைய கடைகளில் மலிவாகக் கிடைத்தால் பீச்சாங்கைக்கு அதுவே போதும்.

ஆனால் தம்பி, இதில் ஒன்று கூட உனக்கு காலடிப்பேட்டையில் உதவாது, சும்மா தெரிந்துகொள்.

காலடிப்பேட்டை பையன்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. லோகோ அண்ணே, வேட்டையைக் கழற்றி வைத்தாயிற்று, வீடியோக்களையும் நிறுத்தப் பார்க்கிறேன்.

நேற்று சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய்ப் புகைபோக்கி பார்த்தேன். மூன்று தடவையும் இடது கண்தான். பக்கத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாவையும் பார்க்கச் சொன்னேன், அவர்களுக்கு வலது. தங்கச்சிக்கு ஒவ்வொரு தடவையும் மாறி மாறி வருகிறது, அவள் ஒழுங்காகக் கை நீட்டவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் மவுண்ட் ரோட்டில் ஒரு கடைக்குப் போய் நாலு ஸ்பிரிங் கன் தூக்கிப் பார்த்தேன், கண்ணை மூடித் திறந்து. மூன்றில் முன் சைட்டே கண்ணுக்குத் தெரியவில்லை, கட்டைதான் தெரிந்தது. நாலாவது அப்படியே வந்து உட்கார்ந்தது. அதன் விலை மற்ற மூன்றை விடக் குறைவு! கடைக்காரரே "இதுல ஃபேன்சி கட்டை கிடையாது சார்" என்று தயங்கிச் சொன்னார். வாங்கவில்லை, ஒரு மாசம் ரேஞ்சில் சுட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை எழும்பூர்.

ஒரு சந்தேகம், ரேஞ்சில் எல்லாரும் ஒரு பக்கம் திரும்பி நிற்கும்போது நான் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றால் பக்கத்து ஆள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டி வருமா?

பத்துப் புள்ளி ஒன்பது:

வரும். ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓரத்து லேன் கேள், சுவர்ப் பக்கம் முகம் வருகிற மாதிரி. பார்த்தால் எல்லாரும் வலது கைக்காரர்கள், அந்த லேனுக்குப் போட்டி இருக்காது. ஆதார் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ கையில் வைத்துக்கொள், கடையிலும் கேட்பார்கள்.