டி.பார்ம் முடித்த தங்கை அமெரிக்க மருந்து கால் சென்டருக்குப் போகலாமா?

தங்கச்சிமடத்தான்:
தங்கை டி.பார்ம் என்னும் மருந்தாளுநர் டிப்ளமோ முடித்து பார்மசி கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டாள். அமெரிக்காவில் தபாலில் மருந்து அனுப்பும் ஒரு பார்மசிக்காகப் போன் எடுக்கும் வேலை சென்னையில் கிடைத்திருக்கிறது. பதவி, பார்மசி டெக்னீசியன். ராத்திரி ஷிஃப்ட். கொஞ்ச காலம் ஆபீஸ், அப்புறம் வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், வரும்படி கிடையாது. மாதச் சம்பளம் என்றதும் அம்மா சரி சொல்லிவிட்டார். எனக்குத்தான் யோசனை.

கீழக்கரைக் காக்கா:
வேண்டாம் தம்பி. ரெண்டு வருஷம் படித்து, 500 மணி நேரம் பயிற்சி எடுத்தது "உங்க பார்சல் கிளம்பிருச்சு" என்று சொல்லவா? அதற்குப் பிளஸ் டூவும் இங்கிலீஷும் போதும். 1948 பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவைப் பாருங்கள். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்றவருக்குத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹெட்செட் மாட்டுவதா? இங்கே மெடிக்கல் வைத்திருக்கும் நாங்கள் ஆள் கிடைக்காமல் அலைகிறோம்.

இரவுக்குயில்:
காக்கா, ஆளைத் தேடுகிறீர்களா, சர்ட்டிபிகேட்டைத் தேடுகிறீர்களா? என்னோடு படித்த பலருடைய சர்ட்டிபிகேட் ஏதோ ஒரு கடைச் சுவரில் தொங்குகிறது. ஆள் திருப்பூரில் வேறு வேலை பார்க்கிறார். சர்ட்டிபிகேட் கொடுத்ததற்கு அவருக்கு மாதம் ஒரு சின்னத் தொகை வரும், கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பது பத்தாவது படித்த பையன்.

நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன், சொந்த ஊர் சாயல்குடி. பார்சல் கேள்வி வரும், ஆனால் சிக்கலே வேறு. அங்கே 90 நாள் மாத்திரையை ஒரே தடவையாக அனுப்புவார்கள். ஊருக்குப் போகிற பாட்டி அடுத்த மாத்திரையை முன்கூட்டியே கேட்பார், "பழையது தீர இன்னும் நாள் இருக்கிறது" என்று இன்சூரன்ஸ் தள்ளிவிடும். பயணக் காரணம் சொல்லி விலக்கு வாங்க வேண்டும். சில மருந்துக்கு, டாக்டர் காரணம் எழுதி அனுப்பி இன்சூரன்ஸ் ஒப்புக்கொள்ளும் வரை பணமே தராது. அதற்குள் கைவசம் இருப்பது தீர்ந்துவிடுமா என்று நாம்தான் பார்க்க வேண்டும். தீரும் என்றால், பக்கத்துக் கடையில் சில நாளுக்கு மட்டும் வாங்க வழி செய்ய வேண்டும். ரத்த அழுத்த மருந்தான மெட்டோப்ரோலாலில் டார்ட்ரேட் வேறு, சக்சினேட் வேறு என்று தெரியாதவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

கீழக்கரைக் காக்கா:
தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? அந்தப் பாட்டி "மாத்திரை போட்டதிலிருந்து தலை சுற்றுகிறது" என்றால் உங்களால் பதில் சொல்ல முடியுமா?

இரவுக்குயில்:
சொல்லக் கூடாது. அங்கே இருக்கும் பார்மசிஸ்ட்டுக்கு லைனை மாற்ற வேண்டும். டெலிவரிக்காகக் கூப்பிட்டவர் பேச்சுவாக்கில் தலைசுற்றலைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதைக் கேட்டதும் நிறுத்தி மாற்றத் தெரிவதுதான் வேலை. அழைப்பு நீண்டால் சூப்பர்வைசர் திரையில் சிவப்பு விளக்கு எரியும், அதையும் தாண்டித்தான் செய்ய வேண்டும். இந்த நிமிடக் கணக்கு கொடுமை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கீழக்கரைக் காக்கா:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். என் கடைக்குக் கடலுக்குப் போகிறவர் சளி மாத்திரை கேட்டு வருகிறார். குளோர்பெனிரமின் கலந்தது தூக்கம் தரும். "இன்னைக்கு ராத்திரி கடலுக்குப் போறீங்களா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டு வேறு கொடுப்போம். பிறகு அவரே வந்து எப்படி இருக்கிறது என்று சொல்வார். உங்களுக்கு அந்தப் பாட்டி இருக்கிறாரா இல்லையா என்பதுகூடத் தெரியாது.

மண்டபம் பொடியன்:
சண்டை இருக்கட்டும். வீட்டிலிருந்து வேலை என்கிறார்களே, ஆடிக் காத்தில் கரண்ட் போனால்?

இரவுக்குயில்:
கரண்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. தனி அறைக்கு என்ன செய்வது? நோயாளி விவரத்தை வெளியே விடக் கூடாது என்று அமெரிக்காவில் 1996-இல் சட்டம் போட்டார்கள், பெயர் ஹிப்பா. எங்களிடம் கதவு சாத்திய அறை கேட்கிறார்கள். மேசையில் பேனா, பேப்பர், செல்போன் எதுவும் இருக்கக் கூடாது. ஒற்றை அறை வீட்டில் அப்பா ஒரு பக்கம் வலையைச் சரி பார்க்க, அம்மா சீரியல் பார்க்க, இது நடக்காது. சேரும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி.

நியூஜெர்சித் தொண்டியான்:
இரண்டு விஷயம். இங்கே பெரும்பாலான மாநிலங்களில் டெக்னீசியன் என்றால் மாநில பார்மசி போர்டில் பதிவோ உரிமமோ வேண்டும். சென்னை வேலையில் அந்தப் பெயர் இருப்பதால் பின்னால் இங்கே தனிச் சலுகை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இன்னொன்று, அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் கோடையில் உங்களுக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. விடியும் வரை விழிப்புதான். உடம்பு பழகிவிடும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

கீழக்கரைக் காக்கா:
சொந்தமாகவே செய்யலாமே? 2025 பிப்ரவரி 24-இல் தமிழக அரசு குறைந்த விலை மருந்துக்கடைகளாக முதல்வர் மருந்தகம் தொடங்கியது. அப்போது டி.பார்ம் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள், மானியம் 3 லட்சம்.

இரவுக்குயில்:
கடைக்கு இடம், அட்வான்ஸ், ஃபிரிட்ஜ், மருந்து ஸ்டாக் என்று மீதியை யார் போடுவது? தடைக்காலத்தில் வட்டிக்கு வாங்கும் வீட்டில் இதைப் போய்ச் சொல்கிறீர்கள். தங்கை முதலில் வேலையில் சேரட்டும். பதிவைத் தவறாமல் புதுப்பித்துக்கொள்ளட்டும். சர்ட்டிபிகேட்டை மட்டும் எவன் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

தங்கச்சிமடத்தான்:
எல்லோருக்கும் நன்றி. காக்கா, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். தங்கை உங்கள் கடையில் முழு நேரமும் நின்றால் மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்?

கீழக்கரைக் காக்கா:
தனிச் செய்தியில் வாங்க தம்பி, பேசிக்கலாம்.

இரவுக்குயில்:
இங்கேயே சொல்லுங்க காக்கா. டி.பார்ம் படித்த நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.