பிள்ளைகள் தாங்களாவே ஒரு கவிதையை நயக்கிறதுக்கு எப்பிடிப் பழக்கிறது?

கேள்வி: கொழும்பு6_தமிழ்டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல பத்தாம், பதினொராம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறன். பாடப்புத்தகத்தில இருக்கிற கவிதை எண்டால் பிள்ளைகள் நல்லா எழுதுவினம், ஏனெண்டால் வகுப்பில சொன்னது, கிளாஸ்ல குடுத்த டியூட் குறிப்பு, பாஸ்ட் பேப்பர் விடை எல்லாம் பாடமாக்கி வச்சிருக்கினம். ஆனா முன்னப்பின்ன பார்க்காத கவிதை ஒண்டைக் குடுத்தால் பேனை அசையாது. இல்லாட்டி "கவிஞர் எதுகை மோனை சிறக்க, உவமைகளைக் கையாண்டு, கற்பனை வளத்தோடு பாடியுள்ளார்" எண்டு எந்தக் கவிதைக்கும் ஒட்டக்கூடிய நாலு வரி. போன கிழமை மோனையே இல்லாத ஒரு புதுக்கவிதைக்கும் மோனைச் சிறப்பு எண்டு பாதி வகுப்பு எழுதியிருக்கு!

நான் விளங்கப்படுத்தாட்டி வகுப்பு அமைதியா இருக்கும், விளங்கப்படுத்தினால் என்ட வசனமே அப்பிடியே கொப்பியில திரும்பி வரும். இது ரெண்டுக்கும் நடுவில ஒரு வழி வேணும். நாப்பது நிமிசப் பாடம், நாப்பதுக்குக் கிட்டப் பிள்ளைகள். செய்து பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ.

பதில்: ஓய்வுபெற்ற_ஆசிரியர்

டீச்சர், எதுகை, மோனை, உவமை, உருவகம் எல்லாத்தையும் முதல் அரைமணித்தியாலத்துக்குத் தள்ளி வையுங்கோ. ஆர் கதைக்கிறது, ஆரோட, இப்ப ஏன் கதைக்க வேண்டி வந்தது, இந்த மூண்டையும்தான் நான் முதல்ல கேக்கிறது. அதுக்குப் பிறகு, கவிதையில எந்த இடம் உங்களுக்கு இடறுது எண்டு கேக்கோணும். விளங்கின இடத்தை விட இடறின இடத்தில தான் பிள்ளை யோசிக்கத் தொடங்கும்.

உதாரணத்துக்குக் குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. அஞ்சே அஞ்சு வரி. களவாச் சேர்ந்தவன் பேச்சு மாறினால் என்ன செய்வன் எண்டு ஒரு பெண் கலங்கிறாள், அண்டைக்கு அங்க இருந்தது மீன் பார்த்துக்கொண்டு நிண்ட ஒரு கொக்கு (குருகு) மட்டும்தான்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

இதைப் போர்ட்டில எழுதிப்போட்டு நான் ஒண்டும் சொல்லாமல் நிண்டிட்டன். கொஞ்ச நேரத்தால ஒரு பிள்ளை கேட்டுது, "சேர், யாரும் இல்லை எண்டு தொடங்கிப்போட்டு பிறகு குருகும் இருந்தது எண்டு சொல்றாளே, அப்ப இருந்ததா இல்லையா?" இந்தக் கேள்வி வந்தால் காணும், பாதி வேலை முடிஞ்சுது. நான் பதில் சொல்லேல்லை, வகுப்பிட்டயே விட்டன். ஒருத்தன் அது மீனைத்தானே பார்த்துக்கொண்டு நிண்டது, இவையைப் பார்க்கேல்லை எண்டான். இன்னொரு பிள்ளை, பார்த்திருந்தாலும் கொக்கு வந்து சாட்சி சொல்லுமே எண்டுது. அப்ப அவளுக்கு இருக்கிற ஒரே சாட்சியும் உதவாத சாட்சி எண்டு அவையே கண்டுபிடிச்சினம். அதுக்குப் பிறகுதான் அந்தக் கால். தினைத்தாள் மாதிரி மெல்லிசான கால் எண்டு அவ்வளவு நுணுக்கமா ஏன் அவளுக்கு ஞாபகம்? வெக்கத்தில குனிஞ்சு நிண்டிருப்பாள், அதால கால் மட்டும்தான் கண்ணில பட்டது எண்டு ஒரு பிள்ளை. இல்லை, இப்ப பயம் வந்திட்டுது, அதால அண்டைக்கு நடந்ததை ஒவ்வொண்டா நினைச்சுப் பார்க்கிறாள் எண்டு இன்னொருத்தி. நான் ரெண்டையும் விட்டன், ஏனெண்டால் ரெண்டுக்கும் பாட்டில இடம் இருக்கு. "அவன் வேற ஊருக்குப் போட்டான்" எண்டு ஒருத்தன் சொன்னதை மட்டும் எந்தச் சொல்லில இருந்து எடுத்தனி எண்டு கேட்டன், அவனால காட்ட ஏலேல்லை, தானே விட்டிட்டான்.

"அன்ன" உவம உருபு எண்டதை எல்லாத்துக்கும் கடைசியாத்தான் சொன்னன். அந்த உவமை என்ன வேலை செய்யுது எண்டு அதுக்குள்ள அவைக்குத் தெரிஞ்சிட்டுது, பேர்தான் தெரியாமல் இருந்தது.

பதில்: கொட்டாஞ்சேனை_மாஸ்டர்

ஐயா சொல்றது நல்லா இருக்கு, ஆனா ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. நான் ஈவினிங் கிளாஸ் எடுக்கிறவன், என்கிட்ட வாற பிள்ளைங்கள்ல பாதிப் பேரு வீட்டுல கவிதைப் புத்தகமே பார்த்திருக்க மாட்டாங்க. அவங்களைத் திடீர்னு "எங்க இடறுது"ன்னு கேட்டா எல்லாமே இடறுதுன்னுதான் சொல்லுவாங்க, அது அவங்க தப்பு இல்ல. முதல்ல ஒரு தடவை நாம செஞ்சு காட்டணும், முடிஞ்ச விளக்கமா இல்லாம யோசிக்கிற விதத்தையே சத்தமா சொல்லிக் காட்டணும், "இந்தச் சொல் ஏன் இங்க வந்திச்சு, எனக்கு விளங்கல, அடுத்த வரியைப் பார்ப்போம், ஆ இப்ப விளங்குது, முதல்ல நினைச்சது பிழை"ன்னு. வாத்தியாருக்கும் உடனே விளங்கல, அவரும் தேடுறார்னு தெரிஞ்சாதான் பிள்ளைக்குத் தைரியம் வரும். அதோட நயச் சொற்கள் தெரியாம எக்ஸாமுக்குப் போனா அவங்களுக்குத்தான் நட்டம், அதையும் மறக்கக் கூடாது.

இன்னொண்ணு, கவிஞர் பேரை மறைச்சிட்டுக் குடுங்க. பேரைக் கண்டா பெரிய ஆள் எழுதினதுன்னு உடனே புகழ ஆரம்பிச்சிடுறாங்க. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ்னு ஒரு ஆங்கில இலக்கிய விமர்சகர் கேம்பிரிட்ஜ்ல அப்படித்தான், பேரே இல்லாத கவிதைகளை மாணவர்கள்கிட்ட குடுத்து எழுத வாங்கினார், 1929ல அது புத்தகமாவும் வந்திச்சு. படிச்ச பிள்ளைங்களே எவ்வளவு தூரம் தடுமாறுறாங்கன்னு அதுல தெரியும், அப்ப நம்ம பிள்ளைங்களைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

பதில்: கெம்பஸ்_பிள்ளை

நான் ஏ.எல்.ல தமிழ் செய்தனான், மாணவி பக்கத்தில இருந்து சொல்றன். எங்கட மிஸ் ஒரு கவிதையில ஒரே ஒரு சொல்லை மட்டும் இடைவெளியா விட்டுத் தருவா, நாங்க எங்கட சொல்லைப் போடோணும், பிறகு கவிஞர் போட்ட சொல்லைக் காட்டுவா. "குருகும்" எண்ட இடத்தில "மரமும்" எண்டு போட்டுப் பாருங்கோ, பாட்டே செத்துப்போகும், ஏனெண்டால் மரத்துக்குக் கண் இல்லை, அது பார்க்காமல் விட்டது எண்டு ஆரும் நோக மாட்டினம். இப்பிடிச் செய்யேக்க ஒரு சொல்லுக்கு எவ்வளவு பாரம் எண்டு எங்களுக்கே விளங்கும். கொப்பியிலயும் "சரி" எண்டு போடாமல் "எந்தச் சொல்?" எண்டு மட்டும் ஓரத்தில எழுதி விடுவா. அப்ப எரிச்சல் வந்தது உண்மை, ஆனா கெம்பஸ் வந்தாப் பிறகும் எதை வாசிச்சாலும் அந்தக் கேள்விதான் முதல் வருது.

பிள்ளைகள் பார்க்காத கவிதை வேணுமெண்டால் மல்லிகை எண்ட இலக்கியச் சஞ்சிகையின்ர பழைய இதழ்களைப் பாருங்கோ, 1966ல இருந்து வந்தது, நூலகம் இணையத்தளத்தில ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கினம். 57ஆம் ஒழுங்கையில தமிழ்ச் சங்க நூலகமும் உங்களுக்குக் கிட்டத்தான். டியூட்ல வராத கவிதை எண்டால் விடையும் எங்கயும் கிடைக்காது.

கொழும்பு6_தமிழ்டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. மாஸ்டர் சொன்ன மாதிரி முதல்ல ஒரு சின்னக் கவிதையை நானே சத்தமா யோசிச்சுக் காட்டிப்போட்டு, அடுத்த பாடத்துக்குக் குருகுப் பாட்டைக் குடுக்கலாம் எண்டிருக்கிறன். நாலு நாலு பேராப் பிரிச்சு விட்டால் நேரம் காணும் எண்டு நினைக்கிறன். ஐயா, ஒரு சந்தேகம். சொற்பொருள் குடுக்கிறதா, அதையும் அவையே தேடட்டும் எண்டு விடுறதா?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

குடுங்கோ டீச்சர். ஆரல் ஒரு வகை மீன், குருகு கொக்கு இனத்துப் பறவை, ஞான்று எண்டால் நாள், எவன் செய்கோ எண்டால் என்ன செய்வேன். இதுகளை அகராதியில தேட விட்டு அவையின்ர நேரத்தைத் தின்னக் கூடாது. தலைவி கூற்று, குறிஞ்சித் திணை எண்டு மட்டும் மேல எழுதிப்போடாதேங்கோ, அது தெரிஞ்சிட்டால் ஆர் கதைக்கிறது எண்டு ஒருத்தரும் தேட மாட்டினம்.