பழைய தரைவீடு, புதுப்புது விதிகள்

கேள்வி: சிங்கப்பூர் செராங்கூனில் அப்பாவின் பழைய தரைவீட்டில் சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுகிறோம். வரைபடம் எல்லாம் முடிந்த பிறகு, புகை எச்சரிக்கைக் கருவியும் மாட்ட வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர். முப்பது வருடமாக அது இல்லாமல்தான் அம்மா சாம்பிராணி போடுகிறார்! நிஜமாகவே கட்டாயமா?

பதில் 1: கட்டாயம்தான். 2018 ஜூன் 1 முதல் புது வீடுகளுக்கும், தீப்பாதுகாப்பு வேலை அடங்கிய மாற்றம் செய்யும் பழைய வீடுகளுக்கும் உண்டு. சாமி அறையை விட்டுத் தள்ளி மாட்டுங்கள்.

பதில் 2: அப்படியே ஜன்னலையும் பாருங்கள், அண்ணே. கதவுபோல வெளியே திறக்கும் ஜன்னலில் அலுமினிய ரிவெட் (பாகங்களை இணைக்கும் ஆணி) இருந்தால் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றியாக வேண்டும். 2004 விதி; எனக்குப் போன வருடம்தான் தெரியும்.

கேட்டவர்: எண்ணிப் பார்த்தேன். பதினொரு ஜன்னல், எல்லாமே அலுமினிய ரிவெட். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.